பூனை வீட்டின் பின்கதவு

மேடத்திடம் கேட்டாயிற்றா என்றுதானே மறுபடியும் கேட்கிறீர்கள், மேஸ்திரி? கேட்கவில்லை. எனக்குப் பொய் சொல்ல வராது. மேடம் சென்னைக்குப் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார். அதற்குள் இந்தச் சின்னக் கதவைக் கழற்றிவிட்டு, ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. நாளைக்கு ஏதாவது பேச்சு வந்தால் அந்தத் தோட்டத்துப் பெண்தான் செய்யச் சொன்னாள் என்று சொல்லிவிடுங்கள். நானும் அப்படித்தான் சொல்வேன்.

காரணம் தெரியாமல் கரண்டியை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதுவும் சரிதான். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்நேரம் சாமான்களை அள்ளிக்கொண்டு ஓடியே போயிருப்பேன். உட்காருங்கள், சொல்கிறேன். ஐயோ, அந்தக் கல்லின்மேல் வேண்டாம், அது ஆமை. காலையில் மறுபடி அடித்த பெயின்ட் இன்னும் காயவில்லை. இப்படி நிழலுக்கு வாருங்கள்.

இங்கே நீங்கள் பார்க்கிறதெல்லாம் நான் செய்ததுதான். பெருமைக்குச் சொல்லவில்லை, விஷயம் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நான் பி.எஸ்சி. தோட்டக்கலை படித்தேன். எங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய ஆள் நான்தான். அப்பா நகராட்சியில் தெருக் கூட்டினார், இப்போது இல்லை. அம்மா பட்டுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. அம்மா பெயர் நாகம்மா. எனக்கு நினைவு தெரிந்து அம்மா ஆயாதான். வேறு எந்த வேலையும் பார்த்ததாக அவர் சொன்னதே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சொன்னதே இல்லை.

வைதேகி மேடம் தன் தாத்தாவின் இந்த வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியபோது என்னைத் தோட்டத்துக்கு எடுத்தார். இன்னும் நிரந்தரம் ஆக்கவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அதனால் நான் ஒவ்வொரு தொட்டிக்கும் தண்ணீர் விட்டேனா என்று இரண்டாம் முறையும் போய்ப் பார்ப்பேன். அது என் பழக்கம். தோழிகள் கேலி செய்வார்கள்.

முதல் நாள் மேடம் என்னைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிவந்தார். துணி துவைக்கிற கல், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டி, ராட்டினம் உடைந்த கிணறு, அப்புறம் இந்த ஓட்டுக் கூரை போட்ட ஒற்றை அறை. இடித்துவிட்டுப் புல்தரை போடலாம் மேடம் என்றேன்.

“இடிக்கவே கூடாது அபிநயா. பழசு பழசாவே இருக்கட்டும். ஆனா பார்க்கிறவங்க சிரிக்கணும். குழந்தைங்க இதை விட்டுப் போக மாட்டேன்னு அழணும்.”

அது எனக்குப் பிடித்திருந்தது. உண்மையாகவே பிடித்திருந்தது. துவைக்கிற கல்லுக்குத் தலையும் காலும் சிமென்டில் வைத்து ஆமை ஆக்கினேன். மாட்டுத்தொட்டியில் அல்லி வைத்தேன். கிணற்றுத் தூணில் பழைய செம்புகளைக் கட்டித் தொங்கவிட்டு அதில் டேபிள் ரோஸ் செடி வைத்தேன். எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

இந்த அறை கழிவறையாக இருந்தது என்று எனக்குத் தெரியும். அதை மறைக்கவில்லை. உள்ளே கால் வைக்கிற கல் இரண்டும் இருந்தன. அதனால் என்ன? யாரும் புழங்கி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. சுவரில் மேலே வட்டமாக இரண்டு ஓட்டை, காற்றுக்காக விட்டிருக்கிறார்கள். பார்த்ததுமே அவை எனக்குக் கண்களாகத் தெரிந்தன. கூரை ஓடு இரண்டைச் சாய்த்து வைத்துக் காது. கம்பியில் மீசை. ஒரு மஞ்சள் பூனை. முன்கதவுதான் வாய். மேடம் கைகொட்டிச் சிரித்தார்.

பின்னால், தரையோடு தரையாக, இதோ இந்தத் தகரக் கதவு. அறைக்குள்ளே தரை உயரமாக இருக்கிறது பாருங்கள், அதற்கு அடியில் குழிவாக ஒரு பொந்து. அந்தப் பொந்துக்கு இது கதவு. எதற்காக வைத்தார்கள் என்று நான் மேடத்திடம் கேட்டேன். கேட்காமல் செய்யவில்லை.

“கோழி அடைக்கவா மேடம்?”

“எங்க தாத்தா வீட்டுல கோழியா!” என்று அவர் சிரித்த சிரிப்பில் சமையல்காரம்மா எட்டிப் பார்த்தார். “விறகு கிறகு வச்சிருப்பாங்கம்மா. நான் மும்பையில வளந்தவ, எனக்கென்ன தெரியும்.”

கழிவறைக்குக் கீழே யாராவது விறகு அடுக்குவார்களா? இப்போது கேட்கத் தோன்றுகிறது. அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நீங்கள் சிரிக்காமல் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, இல்லையா? வந்ததும் இந்தக் கதவைப் பார்த்துவிட்டு ஏன் மூக்கைத் தேய்த்துக்கொண்டீர்கள் என்று நினைத்தேன்.

சரி. பூனை என்றால் திருடும், திருடினால் எங்கேயாவது ஒளித்து வைக்கும். அதனால் அந்தப் பொந்துக்குள் ஒரு தட்டு செய்து வைத்தேன். சின்னச் சக்கரம், முன்னால் ஒரு வளையம். வளையத்தைப் பிடித்து இழுத்தால் தட்டு வெளியே வரும், அதில் பால்கோவா இருக்கும். பூனை திருடி ஒளித்து வைத்த பால்கோவா. இது என் யோசனை. விருந்தினர்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பிடித்தது. அதற்காகவே அறை எடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்று மேடம் சொல்கிறார்.

நாம் உட்கார்ந்திருக்கிற இந்த இடம் முன்பு சந்து. இரண்டு பக்கமும் அடைத்துச் செம்பருத்தி வைத்து நம் தோட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். எதிரே அந்த வீட்டுக் கொல்லைச் சுவரைப் பாருங்கள். தரையை ஒட்டி வரிசையாகச் சதுரம் சதுரமாகச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறது. அதையும் நான் தினமும் பார்த்தேன். சுவரில் ஏதோ ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

திறப்பு விழாவுக்கு வேலை செய்கிற எல்லோருடைய வீட்டிலிருந்தும் ஆட்களை வரச் சொன்னார் மேடம். என்னிடம் தனியாகச் சொன்னார்.

“பூனை வீட்டை உங்கம்மாதான் திறக்கணும். ஒரு பட்டதாரியைப் பெத்தவங்க. அவங்க கையால முதல் தட்டு வெளியே வரட்டும்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது மேஸ்திரி. யார் இப்படி நினைப்பார்கள்? அன்றைக்கே அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். இந்த ஊர் அம்மாவுக்குப் பிறந்த ஊர்தான். கல்யாணம் ஆகிப் பட்டுக்கோட்டைக்கு வந்தவர், திரும்பி வந்ததே இல்லை. இங்கே வேலை கிடைத்தபோது, “உன் ஊர்லயே கிடைச்சிருக்கும்மா” என்று குதித்தேன். “அந்த ஊரா” என்று மட்டும் சொன்னார். பிறந்த ஊர்மேல் ஆசையில்லாதவர்களும் இருப்பார்கள், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். பள்ளிக்கூடத்தில் லீவு கிடைக்காது, முட்டி வலி, நல்ல புடவை இல்லை. ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொன்னேன். ஆரஞ்சு நிறத்தில் புடவை வாங்கி அனுப்பினேன். எந்தத் தெரு என்று ஒருமுறை கேட்டார். ஆட்டோக்காரரிடம் விடுதியின் பெயரைச் சொன்னால் போதும் என்றேன்.

வந்தார். முன்வாசல் வழியாக வந்தார். கூடத்தைப் பார்த்தார், தேக்குத் தூணைத் தொட்டுப் பார்த்தார். “எவ்ளோ பெரிய வீடு அபி” என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தார். தோட்டத்துக்கு வந்து ஆமையைப் பார்த்ததும், “இதுமேல உக்காந்தா பட்டுக்கோட்டை வரைக்கும் போவுமா, பஸ் காசு மிச்சம்” என்று கேட்டு மேடத்தையே சிரிக்க வைத்தார். பூனையைப் பார்த்தார். “மீசை கோணலா இருக்கே, யாரோ பிடிச்சு இழுத்துட்டாங்க.” எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா எங்கே போனாலும் கூச்சப்பட்டு ஓரமாக நிற்கிறவர். அன்றைக்கு அப்படி இல்லை.

பிறகு எல்லோரும் பின்பக்கம் வந்தோம். இதோ, இந்த இடத்துக்கு. மேடம், விருந்தினர்கள், வேலை செய்கிறவர்கள், எல்லோர் கையிலும் ஃபோன். அம்மா எதிர்ச்சுவரைப் பார்த்தார். அந்தச் சதுரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். பிறகு இந்தத் தகரக் கதவைப் பார்த்தார்.

“இது எந்தத் தெரு?” என்றார். மேடம் தெருப்பேரைச் சொன்னார்.

அம்மா கதவிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“வாங்கம்மா, கதவைத் தூக்குங்க. உள்ள ஒரு வளையம் இருக்கும், குனிஞ்சு பிடிச்சு இழுங்க. ஒரு சர்ப்ரைஸ் இருக்கு” என்றார் மேடம்.

அம்மா குனியவில்லை. என்னைப் பார்த்தார். நின்றுகொண்டே இருந்தார். ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தவர்களுக்குக் கை வலித்திருக்கும். யாரோ ஒருவர், “கேமராவப் பார்த்துக் கூச்சம்” என்றார். மேடம் இவ்வளவு மரியாதை கொடுத்திருக்கிறார், நாளைக்கு என்னைப் பற்றி என்ன நினைப்பார்? நான் அம்மாவின் பக்கத்தில் போய், காதோடு, மெதுவாகத்தான் சொன்னேன்.

“குனிம்மா. எல்லாரும் பார்க்கிறாங்க.”

குரலை உயர்த்தவில்லை. வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

அம்மா முந்தானையை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டார். இடது கையைச் சுவரில் ஊன்றினார். முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு குனிந்து, கதவைத் தூக்கி, ஒரே இழுப்பு. பார்க்காமலேயே இழுத்தார். தட்டு சத்தம் இல்லாமல் வந்தது.

“பாருங்க, எனக்கே நேத்து சிக்கிக்கிச்சு!” என்றார் மேடம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அம்மா வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். பால்கோவாவை யார் கொடுத்தும் வாங்கவில்லை. சர்க்கரை இருக்கிறதென்று நான்தான் சமாளித்தேன். சர்க்கரை அம்மாவுக்கு உண்டு, அது பொய் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். இரண்டாவதைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

“அந்த வீட்டுக்கு நான் வந்திருக்கேன்.”

“எப்பம்மா?”

“கல்யாணத்துக்கு முன்னாடி. எங்கம்மாவுக்கு முடியாமப் போனப்ப அந்தத் தெரு என் பங்குக்கு வந்துச்சு. சந்து வழியா வருவோம். தகரத்தத் தூக்கி, சாம்பலப் போட்டு, வழிச்சுக் கூடையில எடுத்துக்கிட்டுப் போவோம். முன்பக்கம் எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் பாத்தேன். நல்ல வீடுதான். தூணெல்லாம் என்னா வழவழப்பு.”

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னார், மேஸ்திரி. அழவில்லை, ஒன்றும் இல்லை. பக்கத்து பெஞ்சில் ஆள் இருந்தார். நான்தான் மெதுவாகப் பேசும்மா என்றேன்.

எனக்கு என்ன கோபம் தெரியுமா? அம்மாமேல்தான் கோபம். தப்பாக நினைக்காதீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? என்னைப் படிக்க வைத்தார், ஹாஸ்டலில் சேர்த்தார், எதற்கும் குறை வைக்கவில்லை. இதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? சொல்லியிருந்தால் நான் அந்தத் தட்டைச் செய்திருப்பேனா? பால்கோவாவை அங்கே வைத்திருப்பேனா? அம்மாவைக் கூப்பிட்டிருப்பேனா? இதைத்தான் பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். “ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“சொல்லி?” என்றார்.

“சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல?”

“தெரியாம செஞ்சது இருக்கட்டும் அபி. தட்டு செஞ்ச, பூனை செஞ்ச, நல்லாத்தான் இருக்கு. நான் அத ஒண்ணும் சொல்லல. அந்தத் தெருவுல அத்தன வருசம் போனேன். யாரும் என்னைக் குனின்னு சொன்னதில்ல. சொல்லவே வேணாம், நானே குனிஞ்சுக்குவேன். இன்னைக்குத்தான் நான் குனியாம நின்னேன். நீதான் சொன்ன.”

இதையே இரண்டு தடவை சொன்னார். “நீதான் சொன்ன.” பஸ் வந்ததும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். கையசைத்தேன், அவரும் அசைத்தார்.

அதிர்ச்சியில் இருக்கிறவர்கள் பெரிய விஷயத்தை விட்டுவிட்டு ஏதாவது ஒரு சின்ன வார்த்தையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் புரிந்துகொண்டேன். மனதுக்குள் அவரை உறுத்துகிறது இந்தக் கதவுதான், வேறு எதுவாக இருக்க முடியும்? அன்றிலிருந்து ஃபோனில் சரியாகப் பேசுவதில்லை. சாப்பிட்டியா, தூங்கினியா, வைக்கட்டுமா. முன்பெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்கிற குறும்பை மூச்சுவிடாமல் சொல்வார். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் டீச்சரின் நாற்காலியில் புளியங்கொட்டையை ஒட்டி வைத்த கதையைப் பாதியில் விட்டிருந்தார். மீதியைக் கேட்டேன். மறந்துபோச்சு என்கிறார். அம்மா எதையும் மறக்கிற ஆள் இல்லை. எனக்கு இருக்கிறது அவர் ஒருவர்தான், மேஸ்திரி. அவர் இப்படியே இருந்துவிட்டால் நான் இந்த வேலையை நிரந்தரம் ஆக்கிக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்?

மேடத்திடம் சொல்லிப் பார்க்காமல் இல்லை. “பின்கதவை அடைச்சிடலாமா மேடம், பாம்பு வரும்” என்றேன். பாம்பு வரலாம்தானே, அல்லி இருக்கிறது, தவளை வருகிறது. அது பொய் ஆகாது. மேடம் ஒப்புக்கொள்ளவில்லை. “அதை அடைச்சுட்டா அப்புறம் பூனைக்கு என்ன அழகு?” என்றார். நிஜக் காரணத்தைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மேடம் என்ன செய்வார் தெரியுமா? திட்ட மாட்டார். அழுவார். நல்லவர், கண்டிப்பாக அழுவார். அப்புறம் அம்மாவை மறுபடியும் வரவழைத்து, எல்லோருக்கும் முன்னால் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்பார். அதையும் ஃபோனில் எடுப்பார்கள். அப்புறம் சமையல்கட்டில் நான் சாப்பிடுகிற தட்டைத் தனியாக வைப்பார்களா, வைக்க மாட்டார்களா என்று ஒவ்வொரு வேளையும் நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் பாம்போடு நிறுத்திக்கொண்டேன்.

இன்னொன்று இருக்கிறது. அன்றைக்கு எடுத்த படத்தை மேடம் சட்டம் போட்டு முன்கூடத்தில் மாட்டிவிட்டார். அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு குனிந்திருக்கிற படம். வருகிறவர்கள், “யாரு இந்தம்மா, எவ்ளோ அழகா வெட்கப்படறாங்க” என்று கேட்கிறார்கள். சாவி கொடுக்கிற மேசைக்கு முன்னால் நான் போகும்போது அந்தப் பக்கம் திரும்புவதில்லை. வேறு நல்ல படம் கிடைத்தால் மாற்றிவிடலாமா மேடம் என்று கேட்டேன். தாராளமாக என்றார். அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த நல்ல பதில்.

அதனால்தான் இன்றைக்கே இது முடிய வேண்டும். கதவு போய்விட்டால், தட்டு போய்விட்டால், சுவர் சுத்தமாகிவிட்டால் அம்மாவுக்கு மனசு ஆறிவிடும். பூச்சின்மேல் பூனையின் வாலை வரைந்துவிடுகிறேன், அடைத்ததே தெரியாது. மேடம் கோபப்படுவார். வேலை போனாலும் போகும். அதற்கும் சேர்த்துத்தான் யோசித்தேன். நேற்று ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை.

என்ன கேட்டீர்கள்? அம்மா இதை அடைக்கச் சொன்னாரா என்றா?

சொல்லவில்லை. அவர் எதையும் வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லையே, அதுதானே பிரச்சினை. நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். இல்லை, அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். எது கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் சொன்னதில் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. அப்படியே நடந்ததுதான். உங்கள் மகளும் காலேஜில் படிக்கிறாள் என்று சொன்னீர்களே, அதனால்தான் உங்களிடம் சொன்னேன். யாரிடமும் சொல்லிவிட மாட்டீர்கள்தானே? சமையல்காரம்மாவிடம்கூட வேண்டாம்.

கரண்டியை எடுத்துவிட்டீர்கள். நன்றி மேஸ்திரி. நான் கலவைக்குத் தண்ணீர் கொண்டுவருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் காய்ந்துவிடும் இல்லையா? அன்றைக்கு அம்மாவை வரச் சொல்லியிருக்கிறேன். இந்தச் சுவரைப் பார்க்கட்டும், அப்படியே ஒரு படமும் எடுத்துவிடலாம், முன்கூடத்தில் மாட்ட. வரமாட்டேன் என்றார். முட்டி வலி என்றார். வந்துதான் ஆக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், டிக்கெட்டும் போட்டுவிட்டேன். இந்தத் தடவை குனிய வேண்டியதே இல்லைம்மா, பூனைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றால் போதும், எப்படி நிற்க வேண்டும் என்று நான் பக்கத்திலேயே இருந்து சொல்கிறேன் என்றேன்.